டால்ட்டன் வீட்டுச் சம்பந்தம்

உறுவையாறு அமிர்தசாமி டால்ட்டனுக்கு உடம்பு முழுக்க உள்ளூர், பெயரின் வால் மட்டும் அமெரிக்கா. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சாதியை விட்டுவிட்டுக் குடும்பப் பெயர் பதியப் போன தாத்தா 'தோட்டத்தான்' என்றார். குமாஸ்தா காதில் அது டால்ட்டன் என்று விழுந்தது. வம்ச வரலாறு அவ்வளவுதான்.

பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் கிடைத்ததிலிருந்துதான் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஹைரம் டால்ட்டன், போன நூற்றாண்டில் அமெரிக்காவில் கோர்ட்டும் சர்ச்சுமாகக் கட்டித் தள்ளிய ஆர்க்கிடெக்ட். அவருடைய அப்பா கல்தச்சர் என்பது வரை அமிர்தசாமிக்கு மனப்பாடம். சொந்த மாமனார் பெயர் மட்டும் அவ்வப்போது மறந்துவிடும்.

தாயில்லாப் பெண் லூசிக்கு முப்பது தாண்டிவிட்டது. பூரணாங்குப்பத்திலிருந்து தனிஸ்லாசும் அவர் மனைவி அந்தோணி மேரியும் மகனுக்காகப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரப்போவதில்லை என்பது அமிர்தசாமிக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார்.

"பூர்வீகம் இன்னாங்க?" என்றார் தனிஸ்லாஸ்.

"அமெரிக்காங்க!"

அப்புறம் நிறுத்த ஆளில்லை. "எங்க ஹைரம் டால்ட்டன் பெரியவருக்கு மூணு ஆம்பளப் புள்ளைங்க. மூத்தவன் இருமி இருமியே போயிட்டான். அடுத்தவனுக்கும் அதே நோவு. கடைசிப் பையனுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சு. அப்பவும் கை நடுங்காம சர்ச்சுக்கு பிளான் போட்டாரு பாருங்க!"

பாராட்டுக்காக நிமிர்ந்தார். அந்தோணி மேரி வாய்வரை கொண்டுபோன காபியைக் கீழே வைத்தாள்.

"டி.பி.யா? பைத்தியமும் இருக்குதா வம்சத்துல?"

"ஐயோ, அது எங்க ரத்தமே இல்லம்மா! எங்க தாத்தா தோட்டத்துல வேல பாத்தவரு..." குமாஸ்தா காது வரைக்கும் கொட்டிவிட்டார்.

"அப்ப இவ்ளோ நேரம் வுட்டதெல்லாம் டூப்பா?" என்றார் தனிஸ்லாஸ்.

"நோவு மட்டும் டூப்புங்க."

அந்தோணி மேரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நெசம்னா பொண்ணு வேணாம். பொய்யின்னா சம்பந்தியே வேணாம்."

கை நனைக்காமல் போய்விட்டார்கள். பஜ்ஜித் தட்டை எடுக்க வந்த லூசியின் தலையில் கனகாம்பரம் வாடக்கூட இல்லை.

"ஏம்பா, அந்த டால்ட்டனுக்கு பொண்ணு இருந்துதா?"

"ஒண்ணு இருந்துதும்மா."

"கட்டிக் குடுத்தாரா?"

அந்தக் குடும்பத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"அத்த புக்குல போடல."

"போட்டிருக்குதுப்பா," என்றாள் லூசி. "நானும் படிச்சேன். கடைசி வரைக்கும் அப்பாவுக்கு ஆக்கிப் போட்டுக்கினு வூட்டுலயே இருந்துட்டாளாம்."

ஆறிப்போன காபியைச் சூடுபண்ண உள்ளே எடுத்துப் போனாள்.