மூன்றாவது இறக்கை

அந்த ஃபேன் பதினான்கு வருடங்களாக ஆடிக்கொண்டிருந்தது. சுற்றுகிற ஃபேன் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று யாராவது சமாதானம் சொன்னால் சின்னவருக்குப் பொல்லாத கோபம் வரும். "இது ஆடலை. ஏமாந்தியா, ஏமாந்தியான்னு என்னைப் பாத்துத் தலையை ஆட்டுது" என்பார்.

சின்னவர் என்றால் ஏதோ இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த நாளில் அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். வந்த மருமகள்களும் அந்த வரிசையிலேயே பெரியவள், சின்னவள். குடும்பம் இரண்டாகப் பிரிந்த பிறகும் பெயர் மட்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டது.

பிரிந்ததும் சண்டை போட்டு அல்ல. வாடகை வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். அவ்வளவு பெரிய வீடு வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு சின்ன வீடு பார்த்துக்கொண்டார்கள். பீரோவை நீ எடுத்துக்கோ, கட்டிலை நீ எடுத்துக்கோ என்று அண்ணனும் தம்பியும் மாறி மாறி விட்டுக்கொடுத்ததைப் பார்த்து, சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரரே அலுத்துப்போய் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் இருந்த இரண்டு ஃபேன்களில் ஆளுக்கு ஒன்று.

அந்த இரண்டையும் ஒரே நாளில் வாங்கியவர் அண்ணன் தம்பியின் அப்பா. வாங்கினார் என்பதைவிட, கடைக்காரரைப் படாத பாடு படுத்தினார் என்று சொல்வதே சரி. கடையில் தொங்கிய ஃபேன்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முணுக்கென்று சத்தம் வந்தால் கண்ணைத் திறக்காமலே "அடுத்தது" என்பார். "காத்து தலைக்கு மேல வந்தா போதுமா? மூலையில படுக்கறவனுக்கும் வரணும்ல?" என்று கடைக்காரரிடம் நியாயம் கேட்டார். கடைசியில் அவர் காதுக்குத் தேறியவை இரண்டே இரண்டு. அவர் இருந்தவரை அவை இரண்டும் ஓடுவதே தெரியாமல் ஓடின.

அப்படிப்பட்ட ஃபேன் புது வீட்டுக்கு வந்த முதல் நாளே கிறுக்குப் பிடித்ததுபோல் ஆடினால் சின்னவர் என்ன நினைப்பார்? ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டார். "நல்லதை நீ எடுத்துக்கிட்டு ஆடுறதை என் தலையில கட்டிட்டியேண்ணே" என்று பாதி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். மறுமுனையில் பெரியவர் வெடித்தார். "செய்யறதையும் செஞ்சுட்டு எங்கிட்டயேவா கேக்கறே?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஒரு ஃபேனுக்காகவா என்று கேட்டால், ஃபேனுக்காக இல்லை. விட்டுக்கொடுத்ததெல்லாம் நடிப்பா என்ற ஒரு கேள்விக்காக. சின்னவருக்கு அண்ணன் என்றால் உயிர். அதனால்தான் கோபமும் அவ்வளவு பெரிதாக வந்தது.

ஃபேனுக்கு வைத்தியம் பார்க்காமலும் இல்லை. தெருக்கோடியில் ஒரு ரிப்பேர்க்காரர் இருந்தார். எந்த ஃபேன் எந்த நோயில் படுத்தாலும் கண்டன்சரைத்தான் மாற்றுவார். அதனால் அவர் பெயரே கண்டன்சர். அவர் நான்கு முறை மாற்றினார். வேறொருவர் பேரிங்கை மாற்றினார். மேலே கொக்கியில் ரப்பர் வைத்தார்கள், போல்ட்டை முடுக்கினார்கள், ரெகுலேட்டரை மூன்றுக்கு மேல் திருப்பாதே என்றார்கள். கடைசியாக ஒருவர், இறக்கையின் மேல் ஒரு இரும்பு வாஷரை டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். புது ஃபேன் வாங்கலாம் என்று சின்னவள் சொன்னால் மட்டும் சின்னவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "இருக்கட்டும். அவன் லட்சணத்துக்கு இது சாட்சி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாஷர் டேப்பைப் பிய்த்துக்கொண்டு பறந்து, சுவரில் பட்டுத் திரும்பி, அவர் குடித்துக்கொண்டிருந்த டீயில் விழுந்தது. சட்டையெல்லாம் டீ. அவர் மேலே பார்த்து, ஃபேனைத் திட்டாமல் அண்ணனைத் திட்டினார். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் புதிதாகக் கேள்விப்பட்ட எலக்ட்ரீஷியனை அழைத்தாள்.

வந்தவள் முப்பது வயதுப் பெண். ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். ஃபேனை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாள், நிறுத்தினாள், வேறு எதையும் தொடாமல் மூன்று இறக்கைகளையும் கழற்றித் தரையில் வைத்தாள். போல்ட்டுக்கு அடியில் மறைகிற இடத்தைத் துணியால் துடைத்தாள்.

"இங்க பாருங்கம்மா. இந்த ரெண்டு றெக்கையிலயும் சிவப்புப் புள்ளி. இதுல மட்டும் பச்சை."

"அதனால என்ன?"

"கம்பெனியில எடை போட்டு, ஒரே எடையா இருக்கறதைத்தான் மூணு மூணா சேர்ப்பாங்க. எது எதோட சேர்ந்ததுன்னு தெரியத்தான் புள்ளி. இந்தப் பச்சை வேற ஃபேனோடது. உங்களோட மூணாவது சிவப்பு வேற எங்கயோ மாட்டியிருக்கு. அங்கயும் இதே ஆட்டம்தான் ஆடிக்கிட்டிருக்கும்."

சின்னவளுக்கு அந்தப் பழைய போன் பேச்சு ஞாபகம் வந்தது. செய்யறதையும் செஞ்சுட்டு எங்கிட்டயேவா கேக்கறே? பெரியவர் எதைச் சொன்னார் என்பது பதினான்கு வருடம் கழித்து, அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குப் புரிந்தது. அங்கேயும் ஆடியிருக்கிறது. ஏமாற்றிய தம்பியே போன் போட்டு நக்கல் செய்கிறான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

யார் மாற்றியது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பழைய வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேன் துடைக்கும் நாள். மேசை மேல் அக்கா ஏறுவாள். பெரியவளைச் சின்னவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஓரகத்தி என்று ஊர்தான் சொல்லும். அக்கா கிழிந்த பனியனால் இறக்கையைத் துடைக்க, தூசி மொத்தமும் கீழே மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கிற சின்னவள் தலையில் கொட்டும். "தள்ளி நில்லுடின்னா கேக்கறியா?" "நான் தள்ளி நின்னா நீ விழுந்துடுவேக்கா." இதையே மாதாமாதம் சொல்லி மாதாமாதம் சிரித்தார்கள். துடைத்து முடித்ததும் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துவிட்டு இருவரும் கூடத்தில் மல்லாந்து படுப்பார்கள். அக்காவின் இரண்டு பையன்களும் சின்னவளின் பெண்ணும் வந்து மேலே விழுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், சின்னவளுக்குப் புருஷனைவிட முதலில் பிடித்துப்போனது அக்காவைத்தான்.

வீட்டைக் காலி செய்த அன்று காலையில் இரண்டு ஃபேன்களின் இறக்கைகளையும் கழற்றிக் குழாயடியில் போட்டுக் கழுவினார்கள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்றாள் அக்கா. எனக்கும் பட்டுவிட்டது என்றாள் இவள். அந்தப் புள்ளிகளைக்கூட இவள் பார்த்தாள். ஏதோ பெயிண்ட் கறை என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். ஆறு இறக்கைகளும் சுவரில் சாய்ந்து வெள்ளையாகக் காய்ந்தன. வண்டி வந்துவிட்டது என்று வாசலில் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக வாரி, உனக்கு மூணு, எனக்கு மூணு என்று பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை.

எலக்ட்ரீஷியன் போன பிறகு சின்னவள் யோசித்துப் பார்த்தாள். பேசாமல் புது ஃபேன் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. சொன்னால், பதினான்கு வருடப் பகையும் தன் தலையில் விழும். சொல்லாவிட்டால் அது பெரியவர் தலையிலேயே இருக்கும். அவள் பச்சைப் புள்ளி இறக்கையை ஒரு பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். நான்கே நிறுத்தம்தான்.

கதவைத் திறந்த அக்கா முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு போர்வையைப் பார்த்தாள். "ஏண்டி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். உங்க ஃபேன் ஆடுதாக்கா?"

அக்கா விலகி வழிவிட்டாள். கூடத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. அங்கே வாஷர் இல்லை. இறக்கையின் நுனியில் ஒரு சாவியைக் கட்டியிருந்தார்கள்.

சின்னவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குழாயடியில…" என்றாள். "நாமதான்…" என்றாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிறகு விக்கி விக்கி அழுதார்கள். அந்த அமளியில் உள்ளறையிலிருந்து பெரியவர் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. நடை தளர்ந்திருந்தது.

"தப்பு எங்களோடது மாமா" என்று எழுந்து நின்று சொன்னாள். "அவர் ஒண்ணும் பண்ணலை. நீங்களும் ஒண்ணும் பண்ணலை."

அவர் இறக்கையை வாங்கிப் புள்ளியைப் பார்த்தார். ஃபேனை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறி, அதன் இறக்கைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் புள்ளி வைத்த ஒன்று தனியாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. இனிமேத்தான்."

"சொல்லாதே. உன்மேல எரிஞ்சு விழுவான். நான்தான் மாத்தி வெச்சேன்னு சொல்லிடறேன். எப்படியும் அப்படித்தானே நெனச்சுட்டிருக்கான்? எனக்கும் பழகிப்போச்சு."

சின்னவளுக்கு அந்தப் பேச்சு தாங்கவில்லை. "பழகினது போதும்" என்றாள். அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நீங்க வந்து மாட்டுங்க. சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கறேன்."

சாயங்காலம் சின்னவர் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் ஸ்டூல் மேல் ஒரு முதுகு தெரிந்தது. அந்த முதுகை எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாதா என்ன? பையைக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் குறுக்கே வந்து, குழாயடி, ஆறு இறக்கை, புள்ளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. உங்க அண்ணனை இல்ல."

அக்கா சமையலறை வாசலில் நின்று, "என்னையும் சேர்த்து" என்றாள்.

சின்னவர் யாரையும் திட்டவில்லை. ஸ்டூலின் ஒரு கால் குட்டை. பெரியவர் போல்ட்டை முடுக்க எட்டியபோது அது லேசாகச் சாய்ந்தது. சின்னவர் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அண்ணன் இறங்கும்வரை விடவில்லை.

சின்னவள் சுவிட்சைப் போட்டாள். ரெகுலேட்டரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி ஐந்தில் நிறுத்தினாள். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. "கொஞ்ச நேரம் போனா ஆடும் பாரு" என்றார் சின்னவர், யாரிடம் என்று தெரியாமல். அண்ணனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அது ஆடுவதற்காகக் காத்திருந்தார்கள். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறியது. ஃபேன் ஆடவில்லை.

கோபப்படுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது சின்னவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவர் முகம் கோணியது.

"பொண்ணு கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடாம விட்டுட்டேண்ணே."

"வந்தேன்டா" என்றார் பெரியவர். "மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம், மருந்துக்கடை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அவ கார்ல ஏறிப் போறவரைக்கும் பாத்துட்டுத்தான் போனேன்."

"ரோட்டைத் தாண்டி உள்ள வந்திருக்கக் கூடாதா?"

"நீ கூப்பிடலையேடா" என்றார் பெரியவர்.

சின்னவர் அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.