ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால்

கடல் என்றாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்டவள் இந்த வருடம் தானே வலிய வந்து புருஷனின் பந்தயப் படகில் ஏறியதற்கு ஒரே காரணம்தான்: அவன் ஜெயித்துத் தொலைய வேண்டும். "ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டேன்னா, அப்புறம் கடல் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று கல்யாணமான புதிதில் அவன் சத்தியம் செய்திருந்தான். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை. ஜெயிக்கிற ஆளும் இல்லை, அதுதான் வினை. மகள் பிறந்தபோது கடலில் இருந்தான். அந்தக் குழந்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கடலில்தான் இருந்தான். இப்படியே விட்டால் மகள் கல்யாணத்துக்கும் ரேடியோவில்தான் ஆசீர்வாதம் செய்வான்.

அதனால் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். அலை முகத்தில் அறைய அறையப் பாய்க்கயிறு இழுத்தாள். ஒரு கையால் வாளியைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டே மறுகையால் சுக்கானைப் பிடித்தாள். படகில் மூன்றாவது ஆள் பல்லி. பாய்மரத்தில் ஏறினால் ஒட்டிக்கொண்டே இருப்பான் என்பதால் அந்தப் பெயர். "அண்ணி, நீங்க முன்னாடியே வந்திருந்தா அண்ணன் எப்பவோ ஜெயிச்சிருப்பாரு" என்று அவனே சொல்லிவிட்டான்.

கடைசி நாள் நடுப்பகலில் எல்லைக்கோட்டின் மிதவைகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவர்கள்தான் முதலில். பின்னாலேயே ஒரு சிவப்புப் படகு. அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது.

பாய் துவண்டு தொங்கியது. மூவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து மூச்சுவிடவும் பயந்தார்கள். அசைந்தால் பாயில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றும் போய்விடும்.

"அண்ணே, நாம பின்னாடி போறோம்" என்றான் பல்லி.

எல்லைக்கோடு கரைப் பக்கம்; நீரோட்டமோ கரையிலிருந்து கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரே வைத்தியம், நங்கூரம் போட்டு நிற்பது. நிற்பவன் ஓடுபவனை ஜெயிப்பது இந்தப் பந்தயத்தில்தான் நடக்கும். சிவப்புப் படகு அதற்குள் போட்டுவிட்டது. பல்லியும் போட்டான். கயிறு விறுவிறுவென்று ஓடித் தீர்ந்தது. நங்கூரம் தரையைத் தொடவில்லை.

"அந்த நீளக் கயிறை எடுத்து முடிச்சுப் போடுடா!" என்று புருஷன் கத்தினான்.

அவள் பல்லியைத் தடுத்தாள். "அது இல்லைங்க."

"இல்லையா?"

"பொணக் கனம் கனத்துது. கனம் கொறஞ்சா வேகமாப் போகும்னு நீங்கதானே சொன்னீங்க? துறையிலயே எறக்கி வெச்சுட்டேன்."

ஜெயிக்கிற வெறியில், பல் விளக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக ஒடித்துவிட்டு வந்தவள் அவள். அவன் போட்ட நங்கூரத்தை மேலே இழுக்க ஆரம்பித்தான். நாலு திட்டு திட்டியிருந்தாலாவது தேவலை.

சிவப்புப் படகுக்காரர்கள் சாவகாசமாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்து இவர்கள் பின்பக்கமாகப் போனார்கள். துடுப்பு போட்டால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். கை கால் இருந்தும் செய்வதற்கு எதுவும் இல்லை. மிதவைகள் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து அவள் வாய்விட்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்துக் காற்று வந்தது. கடல் பக்கமிருந்து வந்ததால் முதலில் இவர்களுக்குத்தான் கிடைத்தது. பாய் புடைத்தது. அங்கே அவர்கள் ரொட்டியைப் போட்டுவிட்டு நங்கூரத்தோடு மல்லுக்கட்டினார்கள். "இழு! இன்னும் இழு!" என்றான் புருஷன். உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தாள். இரண்டு படகும் பக்கம் பக்கமாகக் கோட்டுக்கு வந்தன. ஊதல் இரண்டு முறை கேட்டது. முதல் ஊதல் சிவப்புப் படகுக்கு. ஒரு தும்மல் போடும் நேரம்தான் வித்தியாசம்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான்!" அவன் குரலில் இருந்தது கோபம் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பல். "இவ்ளோ வருஷத்துல இவ்ளோ கிட்ட நான் வந்ததே இல்ல. நீ கூட இருந்தா அடுத்த தடவை நமக்குத்தான்!"

பல்லி கைதட்டினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் வந்துட்டா... நம்ம பொண்ணை யாரு பாத்துக்கறது?"

"அட, அவளுக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்றான் அவன். "அவளையும் கூட்டிட்டு வந்துடலாம்."