நல்லமிளகுக் கொடிக்குள் ஒரு முப்பது

வீட்டில் என் சொல்லுக்கு நிற்பது எங்கள் பழைய ஸ்கூட்டர் ஒன்றுதான். அதுவும் பெட்ரோல் தீர்ந்தால். அப்படிப்பட்ட ராபின்சனாகிய நான்தான் குன்னத்துகால் சுற்றுவட்டாரச் சாலைகளுக்கு வேகம் எழுதுகிறவன். யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஓர் உலக வரைபடம் உண்டு. எந்தச் சாலையில் எவ்வளவு வேகம் அனுமதி என்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுற்றித் திரிந்து அதில் குறிப்பேன். சம்பளம் கிடையாது. என் மனைவி லிஜா இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

விஷயம் அம்மிணி மாமியின் காதுக்கும் போய்விட்டது. வளைவில் சாலைக்கு இந்தப் பக்கம் அவர் வீடு, அந்தப் பக்கம் சர்ச். அவர் கணவர் ராஜதாசுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் யாரையும் கை பிடிக்க விடமாட்டார். தடியை நீட்டிக்கொண்டு தனியாகத்தான் கடப்பார். போன வாரம் ஒரு கார் அந்தத் தடியை ஒடித்துவிட்டுப் போயிருந்தது. மாமி என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மக்கா, நீ எழுதினா வண்டிக்காரனுக்க போன்ல ஒரு பெண்ணு 'மெதுவா போ'ன்னு சொல்லுமாமே. இங்க முப்பதுன்னு எழுதிப் போடு."

"பலகை இல்லாம எழுதப்பிடாது மாமி. கண்ணால கண்டத மட்டும்தான் எழுதணும்."

"அவருக்க தடி ஒடிஞ்சது நான் கண்ணால கண்டதாக்கும்."

மனசு எழுது என்றது. ஆனால் ஒரு பொய் முப்பது புகுந்தால், நான் எழுதிய மெய் முப்பதுகளை எவன் நம்புவான்? தலையைக் குனிந்துகொண்டு எழுந்தேன்.

"பலகைன்னா வட்டமா, ஓரத்துல சிவப்பு போட்டதா?" என்றார் மாமி. "அது அங்க நிக்குதல்லா."

எங்கள் பக்கத்தில் நேராக எது நின்றாலும் அதன் அடியில் நல்லமிளகுக் கொடியை நட்டுவிடுவார்கள். பலா, முருங்கை, மின்கம்பம் எதுவும் தப்பாது. மாமி வீட்டு மதிலோரம் நின்ற பச்சைத் தூணை நான் இதுவரை மரம் என்றே நினைத்திருந்தேன். மாமி இரண்டு கையாலும் கொடியை விலக்கினார். இலைகளுக்குள்ளிருந்து முப்பது எட்டிப் பார்த்தது.

"வெட்டிரலாமா மாமி?"

"எலே, காய் பிடிச்சு நிக்கது கண்ணுக்குத் தெரியல்லியா? பறிச்ச பிறவு வெட்டலாம். பலகையப் பாத்து இதுவரை எவன் மெதுவா போனான்? நீ படம் பிடி."

படம் பிடித்தேன். "பலகை பாத்து நிக்க திசைக்கு மட்டும்தான் எழுத முடியும்," என்றேன்.

"அப்போ அவரு பாதி ரோடுதான் கடக்கணுமா?"

மறு திசைக்கான பலகையையும் தேடினேன். சர்ச் மதிலோரம், போன வருஷக் கன்வென்ஷன் பேனருக்குள் மூச்சுமுட்டி நின்றது. இரண்டையும் எழுதினேன்.

சில வாரம் கழித்து, ஆராதனைக்கு முன்னால் சர்ச் வாசலில் நின்றிருந்தேன். புதுத் தடியோடு ராஜதாஸ் மாமா சாலையில் இறங்கினார். மிளகுத் தூண் பக்கமிருந்து வெளியூர்க் கார் ஒன்று சீறி வந்தது. திறந்திருந்த கார் ஜன்னல் வழியாக ஒரு பெண்குரல் என்னவோ சொன்னது. கார் தணிந்தது, தணிந்து, மாமாவைக் கண்டு, நின்றேவிட்டது. ஓட்டியவர் பலகையைத் தேடி எட்டிப் பார்த்தார். அங்கே வெறும் இலை.

யாரோ நட்டு, கொடி மூடி, ஊரே மறந்த ஓர் எண். நான் அதை வானத்தில் எங்கேயோ எழுதிவைத்தேன். முகம் தெரியாத ஒருவர் அதற்குக் கீழ்ப்படிகிறார். ஆராதனை தொடங்கும் முன்பே எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

மாமா தட்டித் தட்டி என்னருகே வந்து சேர்ந்தார்.

"கண்டியா ராபின்சா? எனக்க தடியக் கண்டா வண்டி நிக்கும்."

"நிக்கும் மாமா," என்றேன்.