வம்சத்துப் புழு

எண்பத்திரண்டாம் வருடம். என் மகள் குணசுந்தரிக்கு ஐந்து வயது முடிவதற்குள் பால்பற்கள் கறுத்துக் குச்சிகுச்சியாக நின்றன. ஒரு வாய் சோறு மெல்ல முடியாமல் அழுவாள். பெற்ற வயிறு எரியாதா?

என் நாத்தனார் காசியம்மாள் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள்.

"பட்டுப்புழுவ வேகவெச்சு எடுத்த நூல்ல பொழைக்கிறோம். அந்தப் பாவம் சும்மா வுடுமா? புழு நம்ம புள்ளைங்க பல்லுல வந்து உக்காந்துகினு கீது. எனக்கு, என் தம்பிக்கு, எல்லாருக்கும் இப்டித்தான். வம்சம், ரேணுகா."

அடேயப்பா! ஆரணியில் தறிச்சத்தம் கேட்காத தெரு எது? அத்தனை பேர் வாயுமா பொக்கையாகக் கிடக்கிறது? ஆனால் என் கணவர் சம்பந்தம் தறியில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். முப்பது வயதில் அவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்றுகூடக் கிடையாது. "விழற பல்லுதானே, வேற மொளைக்கும்" என்றார். சாயங்காலமானால் மடியில் கமர்கட் கட்டிக்கொண்டு வருவதும் அவர்தான்.

நான் விடவில்லை. அப்பனையும் மகளையும் இழுத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். பல் டாக்டரம்மா குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு, என் கணவரையும் வாயைத் திறக்கச் சொன்னார்.

"பல்லோட மேல்பூச்சு சில குடும்பத்துல பொறக்கும்போதே மெலிசா வரும்மா. அப்பா வழியா வந்திருக்கலாம். ஆறு வயசுல நாலு கடைவாய்ப்பல்லு மொளைக்கும். அது விழுந்து மொளைக்கிற பல்லு இல்ல, போனா போனதுதான். இனிப்ப நிறுத்துங்க. படுக்கும் முன்னாடி நீங்களே தேய்ச்சு விடுங்க."

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாங்க வம்சம்னு. நாம இன்னா பண்ண முடியும்?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஏங்க, இழை மெலிசா வந்துச்சுன்னா தறியில ஏத்துன பாவு நூல அறுத்துக் குப்பையில போட்டுடுவீங்களா? கஞ்சி போட்டு, பதம் பாத்து, சேலைய நெய்து எறக்கிடுறீங்க இல்ல? பொண்ணு பல்லுக்கு மட்டும் இன்னா வம்சம்?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

அன்றோடு வீட்டில் கமர்கட் நின்றது. நாத்தனார் முந்தானையில் ஒளித்துக் கொண்டுவந்த கற்கண்டைப் பிடுங்கி அவள் வாயிலேயே போட்டேன். பிரஷ்ஷைக் கண்டாலே குணசுந்தரி தறிக்குழிக்குள் இறங்கிப் பதுங்கிக்கொள்வாள். நானும் குழிக்குள் இறங்கித் தேய்த்தேன். என் விரலைக் கடித்தாள். கடி, கடி, கடிப்பதற்காவது பல் இருக்கட்டும் என்று தேய்த்தேன்.

நாலு பல்லும் வெள்ளையாக முளைத்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருடம் காட்டப் போனபோது, டாக்டரம்மா அந்த நாலில் ஒரு பல்லில் கம்பியை வைத்துக் குத்திப் பார்த்தார்.

"இதுல சொத்தை ஆரம்பிச்சிருக்கு. அடைச்சுடலாம். மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

பட்ட பாடெல்லாம் வீணா? கண்ணீர் வந்துவிட்டது.

என் கணவர் மெதுவாகச் சொன்னார். "நான்தான் அப்பவே சொன்னேனே, வம்சம்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரிங்க. அந்த ஒண்ணு உங்க வம்சத்துக்கே இருக்கட்டும். மீதி மூணும் என்னுது."