தெற்குச் சுவரின் ஈரம்

புயல் அடித்து ஓய்ந்த மறுவருஷம், எழுபத்தெட்டில், காரைக்கால் கோவில்பத்தில் சோமசேகரன் குப்பையால் ஒரு வீடு கட்டினான். பழைய சாமான் வியாபாரி அவன். ஊர் தூக்கி எறிந்ததை ஊருக்கே திருப்பி விற்கும் சமர்த்தன். உடைந்த பானை ஓடு, அடுப்புச் சாம்பல், உமி, தேங்காய் நார் எல்லாவற்றையும் சுண்ணாம்பில் குழைத்து, மரச்சட்டத்தில் அடித்து, வெயிலில் காயவைத்தால் கல். "சூளை வேணாம், வெறகு வேணாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டுவான்.

ஐப்பசி மழையில் தெற்குச் சுவர் கசிந்தது. ஒரே வரிசையில் மூன்று இடம். மற்ற சுவர்கள் கருவாடாகக் காய்ந்து கிடந்தன.

அவன் மனைவி பெரியநாயகிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அந்தச் சுவரை விட்டுப் பாயை இழுத்து இழுத்து வாசற்படிவரை வந்துவிட்டாள்.

"சொட்டுதுங்க."

"கடல் மணலு கலந்துருக்கு. உப்பு ஈரத்த இழுக்கும்."

"உப்பு மூணு எடமாப் பாத்து இழுக்குமா?"

"ஒனக்குப் பயந்து நாலாவது எடத்துக்குப் போவல."



அவள் குளிக்கப் போன நேரத்தில் கொத்துக்கரண்டியால் ஈரத்தைச் சுரண்டினான். உள்ளே ஒரு பானை ஓடு. அதில் விரல் நுழையும் துளை. கத்தி முனையால் கொத்திய துளை என்று விரலுக்கே தெரிந்தது. போன வருஷம் அப்பாவின் சிதையைத் தோளில் நீர்க்குடத்தோடு அவன்தான் சுற்றி வந்தான். சுற்றுக்கு ஒரு துளை போட்டார்கள். துளை வழியே தண்ணீர் முதுகில் வழிந்தது. மூன்றாம் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்தான்.

ஓடு பொறுக்கிக் கொண்டுவரும் முத்தையனைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"வீடு வீடா அலைஞ்சா ஒரு கூடை தேறல மொதலாளி. சுடுகாட்டுல குமிஞ்சு கெடந்துச்சு. ஓடுன்னா ஓடுதான்னு நீங்கதான சொன்னீங்க?"

"எங்கப்பா கொடமும் அதுலயாடா?"

"வேற எங்க போவும்?"

சோமசேகரன் அந்தப் பானை ஓட்டைப் பழையபடி சுவருக்குள் வைத்துச் சுண்ணாம்பு பூசினான்.

சாயங்காலம் பெரியநாயகி புதுப்பூச்சைப் பார்த்தாள்.

"என் வயித்துல கைய வச்சு சொல்லுங்க. உப்புதானா?"

ஓட்டை அண்டாவை விற்க அவன் சத்தியம் செய்யாத சாமி இல்லை. கையை நீட்டினான். வயிற்றுக்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிட்டது. பின்னால் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் பாயைச் சுருட்டினாள்.

"தருமபுரத்துக்குப் போவோம். அம்மா வீட்டுலயே பெத்துக்குறேன்."

டிரங்குப் பெட்டியை இடது தோளில் ஏற்றிக்கொண்டான். படி இறங்கியதும் தலை தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பிப் பாக்காம வாங்க" என்றாள் பெரியநாயகி.

சுவருக்குள் இருந்ததைப் பற்றி அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் அவன் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.