துண்டுக்கு அடியில் ஒரு விலை

சங்கரலிங்கம் அண்ணாச்சி சாகும்வரை என்னை மன்னிக்க மாட்டார். மன்னிக்கவும் வேண்டாம், போகட்டும்.

எழுபத்தெட்டில் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் எங்கள் இரண்டு பேர் கடையும் எதிரெதிரே. இரண்டிலும் விருதுநகர் மிளகாய் வற்றல்தான். ஒரே லாரியில் ஏறி, ஒரே ஆரியங்காவு செக்போஸ்டில் காத்துக்கிடந்து வந்து சேரும். லாரி வாடகையிலும் வரியிலும் காலணா வித்தியாசம் கிடையாது. அவருக்கு எட்டுக் கடை அறை, எனக்கு ஒன்று. அந்த ஒன்றின் மேலும் அவருக்குக் கண்.

அந்த வருடம் ஓணத்துக்கு நாற்பது மூட்டை இறக்கியிருந்தேன். என் கைமுதல் மொத்தமும் அதில். ஓணத்துக்குள் விற்காவிட்டால் இந்த ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும். பிறகு அறையை அண்ணாச்சிக்கு விட்டுவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

பஜாரில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவன், வாங்குகிறவன் இரண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். யாருக்கு என்ன விலை என்று அடுத்தவனுக்குத் தெரியாது.

"பொம்பள கைய எவன் துண்டுக்குள்ள பிடிப்பான்? பேச்சி, பேசாம ஊரப் பாத்துப் போ" என்று தெருவே கேட்கச் சிரித்தார் அண்ணாச்சி.

ஒருத்தனும் பிடிக்க வேண்டாம்! வாசலில் நின்று கத்தினேன். "கிலோ ஒம்பது ரூவா! யாரு வந்தாலும் ஒம்பதுதான்!"

இரண்டு நாள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் வைப்பின் தீவிலிருந்து படகில் வந்த பலசரக்குக் கடைக்காரர் நாணு சேட்டன் நின்றார்.

"ஒம்பதோ? அண்ணாச்சி எங்கிட்ட பதினொண்ணு வாங்கிச்சே!"

கூட வந்த இன்னொரு கடைக்காரர் முழித்தார். "எனக்குப் பத்துக்கல்லே தந்தது?"

"அய்யோ, கள்ளன்!" என்று நாணு சேட்டன் எதிர்க்கடைக்குப் பாய்ந்தார். சற்று நேரத்தில் அங்கே இருபது பேர் நின்று ஆளுக்கொரு விலை சொல்லிச் சண்டை போட்டார்கள்.

அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதே மனுஷன், என் கைமேல் துண்டைப் போட்டார். அடியில் ஐந்து விரலையும் இரண்டு தடவை அழுத்தினார். பத்து.

"நாப்பது மூட்டையும் நானே எடுத்துக்கிடுதேன். வாய மட்டும் மூடு தாயி."

பொய் சொல்வானேன், ஆசை வந்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட, பூசண பயமும் இல்லை. ஆனால் அவர் சிரித்த சிரிப்பு காதிலேயே இருந்தது.

கையை எடுக்காமலே கத்தினேன். "எல்லாரும் இங்க பாருங்க! அண்ணாச்சி என் கையப் பிடிச்சிருக்காரு! கிலோ பத்துன்னு மொத்தத்தையும் வாங்கிக்கிடுதாராம், நான் வாய மூடணுமாம்!"

தெருவே திரும்பியது. கையை உதறிக்கொண்டு ஓடினவர் துண்டை விட்டுவிட்டார்.

ஓணத்துக்கு நான்கு நாள் முன்பே நாற்பது மூட்டையும் ஒன்பது ரூபாய்க்கே போனது. துண்டைக் கேட்டு அவர் வரவேயில்லை. இன்றைக்கும் அதில்தான் தராசுத் தட்டைத் துடைக்கிறேன், அவர் பார்க்க.