கால்டர் வெல்ஸுக்கு எத்தனை மைல்

1981 மார்ச்சில் அரிசோனாவின் கால்டர் வெல்ஸில் அச்சான நாற்பது டி-ஷர்ட்டுகளும், போட்டவர் எங்கே நின்றாலும் அந்த ஊர் எத்தனை மைல் என்பதைப் பிசகாமல் காட்டின. அச்சடித்தவள் வெர்னா டட்டில். புதிய அகலச்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போன நாளிலிருந்து அவளுடைய பெட்ரோல் பங்கிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஈ ஓட்டுவதுதான் வேலை. சாலை பிரியும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள் என்று சாலைத் துறைக்கு ஒன்பது கடிதம் போட்டாள். வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை என்று ஒன்பது முறையும் பதில் வந்தது. கணவன் ஆர்வில் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தான்.

கொட்டகையில் கிடந்த பழைய நெடுஞ்சாலைப் பலகையை வெர்னா அப்படியே சட்டைகளில் படியெடுத்தாள்: கேடய வடிவம், பருத்த கறுப்பு எழுத்து, போகிற போக்கில் ஊர்க்காரர்கள் சுட்டுப் பழகிய துப்பாக்கி ஓட்டைகள் உட்பட. மைல் எண் இருந்த இடத்தை ஒரு குண்டு கொண்டுபோயிருந்தது. ஆளுக்கொரு எண் சொல்லிச் சண்டை போட்டார்கள். பொய் எண் போட மாட்டேன் என்று அவள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டாள். மை காய்ந்ததும் முதல் சட்டையை ஆர்விலுக்கு மாட்டினாள். நெஞ்சில் 0 தெளிந்து வந்தது.

"நாப்பது சட்டைய வெச்சு ஊரக் காப்பாத்திடுவியாக்கும்," என்றான்.

"ஊரு எங்கயும் போகல, ஆர்வில். வர்றவங்களுக்கு வழிதான் தெரியல."

அதே சட்டையோடு அவன் டல்சாவிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினான். நெஞ்சில் 212 காட்டியபோது காப்பிக்கு நிறுத்தினான். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் அவன் நெஞ்சைப் படித்துவிட்டு, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வெர்னாவின் பச்சைமிளகாய்க் குழம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பதினொரு கார்கள் பின்தொடர ஊருக்குள் நுழைந்தான்.

"வழி கேட்டாங்க, கொண்டாந்து விட்டேன்," என்று சொல்லிவிட்டு மூட்டையைப் பிரித்தான். வெர்னா பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள்.

அந்தக் கோடையிலேயே சாலைத் துறையின் சர்வேயர் ப்ரூயிட் வந்து, சாலை பிரியும் இடத்தில் சட்டையைப் போட்டுப் பார்த்தார், 3 காட்டியது. அவருடைய அளவுச் சங்கிலி இரண்டே முக்கால் என்றது. மறுபடி அளந்துவிட்டு, தப்பு சங்கிலியில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துறை இரும்புப் பலகை எதுவும் செய்யவில்லை. பலகைகளை எதனால் செய்யலாம் என்று சொல்லும் விதியில் 'பருத்தியும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, இருப்பதிலேயே பெரிய சட்டையைக் கம்பத்தில் மாட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை அதைத் துவைக்கிறார்கள். காயும்வரை ஆர்வில் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறான்.